மூன்றாவது ஓலை

போன செவ்வாய்க்கிழமை என் பெரியம்மாவை அடக்கம் செய்தோம்.

அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. நடுவில் இருப்பது ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு தெரு, அவ்வளவுதான். அந்தத் தெருவைத் தாண்டி அம்மா வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது.

வாரா வாரம் இந்த இடத்தில் டவுன் பஸ், ரேஷன் க்யூ, பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் என்று எதையாவது சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறவள் நான். இந்த வாரம் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் தங்கையும் பேசாமல் போனதற்குக் காரணம் என் தலை. எனக்குத் தலையில் முடி கிடையாது. குறைவு என்று சொல்லவில்லை... கிடையாது.

இந்தப் பத்திக்கு மேலே வருகிற என் படத்தில் ஏன் எப்போதும் முக்காடு என்று பல பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். முஸ்லிமா, கன்னியாஸ்திரீயா, தீராத தலைவலியா என்றெல்லாம் சந்தேகம். ஒரு வாசகர் 'தமிழ்ப் பெண்ணின் அடக்கம்' என்று பாராட்டி நான்கு பக்கம் எழுதியிருந்தார். நன்றி ஐயா. அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. வெறும் மறைப்புதான்.

முடி போவதை முதலில் கண்டுபிடித்ததே பெரியம்மாதான். எனக்குப் பதினாலு வயது. தருமபுரி இன்னும் தனி ஜில்லா ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் சேலத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக எனக்குச் சடை பின்னிவிடுவது பெரியம்மா வேலை. அம்மாவுக்கு விடிந்ததும் மாடு, கொல்லைக்காடு என்று சரியாக இருக்கும். அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே இறந்துபோனார். அன்றைக்குப் பின்னிக்கொண்டே இருந்த பெரியம்மாவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதென்ன கண்ணு, இங்க வழுவழுன்னு இருக்குது?"

நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம். அரிப்பு இல்லை, வலி இல்லை. கண்ணாடி மாதிரி தோல் மட்டும். அம்மா வந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது: புழுவெட்டு.

அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு முடியின் வேரைத் தின்கிறது. புழு என்று ஆகிவிட்டால் அப்புறம் என்ன? கொல்ல வேண்டியதுதான். என் தலை புழுவுக்கும் ஊருக்கும் நடந்த சண்டைக்கான மைதானம் ஆனது இப்படித்தான்.

முதலில் சின்ன வெங்காயம். நறுக்கி, தோல் சிவக்கும்வரை தேய்க்க வேண்டும். ஒன்றரை மாதம் தேய்த்தோம். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். வட்டம் ஒன்று மூன்றானது. பிறகு ஆற்றுத்தும்மட்டிக் காய் தேய்த்தோம், மிளகும் உப்பும் அரைத்துப் பூசினோம். மூன்று ஆறானது, ஆறும் ஒன்றோடொன்று சேர்ந்தன. காலையில் எழுந்தால் பாயில் முடி கிடக்கும். அம்மா அதைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைப்பாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? தலை நிறைய முடி இருக்கிறவர்கள் எல்லோருமே முடி டாக்டர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், தபால்காரர், வளையல் விற்க வருகிறவர்... எல்லோரிடமும் ஒரு மருந்து இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அது கருகருவென்று முளைத்திருக்கும். அந்தப் பெண்ணை மட்டும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஏரியூர்ப் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார், புழுவைக் கையிலேயே எடுத்துக் காட்டுவார் என்றார்கள். அம்மாவும் பெரியம்மாவும் என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். என் தலையில் எருக்கு இலையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். இலையைத் திருப்பினார். இலையில் ஒரு பச்சைப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"நோடம்மா, ஹுளு. இன்னும் உள்ள ஒம்பது இருக்குது" என்றார்.

அம்மா அழுதாள், சந்தோஷத்தில். இரண்டு வருஷமாகத் தேடிய எதிரியை நேரில் பார்த்துவிட்டாள் அல்லவா. எனக்கு மட்டும் அந்தப் புழுவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் கத்தரிச் செடியில் தினமும் பார்ப்பதுதான். சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா என் கையை அழுத்தினாள். அவளும் கண்டுகொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

மீதி ஒன்பது புழுவையும் கொல்ல அவர் சேராங்கொட்டையைச் சுட்டு அந்த எண்ணெயைத் தலையில் தொட்டு வைத்தார். வண்ணார் துணிக்குக் குறி போடுவாரே, அந்தக் கொட்டைதான். துணியில் பட்டால் அழியாது. தோலில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் தலை முழுக்கக் கொப்புளம். மூன்றாம் நாள் சீழ் வைத்தது. காய்ச்சலில் பத்து நாள் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஈ மொய்க்காமல் இருக்கப் பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் புண் ஆறியபோது மிச்சம் இருந்த முடியும் போயிருந்தது. எனக்குப் பதினாறு வயது.

சேலத்தில் ஒரு தோல் டாக்டர் நல்ல மனிதர். புழுவெல்லாம் கிடையாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பின்னே என்ன என்று அம்மா கேட்டாள். "காரணம் தெரியலைம்மா" என்றார். புழு என்று சொன்னவர்மேல் வந்த நம்பிக்கை, தெரியவில்லை என்று சொன்னவர்மேல் அம்மாவுக்கு வரவில்லை. ஆனாலும் அவர் தந்த சின்ன வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்டேன். முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. கூடவே தலையில் பூனைமயிர் மாதிரி ஏதோ முளைத்தது! தினமும் காலையில் எழுந்ததும் உள்ளங்கையால் தலையைத் தடவிப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் அதைப்போல சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. மாத்திரையை அப்படியே தொடர்ந்தால் உடம்புக்கு ஆகாது என்று நிறுத்தினார். நிறுத்திய மறு வாரமே எல்லாம் உதிர்ந்தது. கவலைப்படாமல் இரு, கவலைப்பட்டால் இன்னும் கொட்டும் என்றார். இனிமேல் கொட்ட என்ன இருக்கிறது டாக்டர்?

அதன் பிறகுதான் அம்மா நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் பலித்தால் மொட்டை போடுவார்கள். அம்மா அவசரக்காரி, பலிக்கும் முன்னாலேயே போட்டாள். மாதா கோயிலில் உட்கார்ந்து, முழங்கால்வரை இருந்த தன் முடியை மழித்துக் கொடுத்தாள். "என்னுத எடுத்துக்க தாயே, எம் மவளுக்குக் குடு" என்று அவள் சத்தமாகவே சொன்னது எனக்குக் கேட்டது.

அம்மாவுக்கு முளைத்தது. எனக்கு முளைக்கவில்லை.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பார்களே, அது அம்மா விஷயத்தில் உண்மை. முன்பைவிடக் கருப்பாக, கற்றை கற்றையாக வளர்ந்தது. அதைப் பார்க்க அம்மாவுக்கே கூசியது. என் முன்னால் அவள் தலை வாரியதில்லை, எண்ணெய் வைத்ததில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போய் வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு வருவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி நாலைந்து வருஷம் இருந்தோம்.

இதற்கு நடுவில் நான் டீச்சர் டிரெய்னிங் முடித்தேன், கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. பூசையில் பெண்கள் எல்லோருமே முக்காடு போடுவார்கள், அங்கே நானும் பத்தோடு பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் ஒன்றுதான் என்னை யாரும் திரும்பிப் பார்க்காத நேரம். எனக்குப் பக்தி அதிகம் என்று பேர் வாங்கியதும் அப்படித்தான்.

இருபத்திரண்டாவது வயதில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை பென்னாகரம் தாண்டி ஒரு ஊர். யூனியன் ஆபீசில் கிளார்க். பேர் ஞானப்பிரகாசம். எங்கள் சபைதான், விவசாயக் குடும்பம்தான், பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில்தான் பெரியம்மாவின் மகள் செசிலி அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. ஆனால் சம்பந்தம் அவள் மூலம் வரவில்லை, தரகர் மூலம் வந்தது. தரகருக்கு என் தலை தெரியாது.

பெண் பார்க்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் அம்மா சேலத்துக்குப் போனாள், துணைக்குப் பெரியம்மா. நாடகக்காரர்களுக்கு டோப்பா கட்டித் தருகிற ஒருவரிடம் போய், அம்மா தன் முடியை ஒட்ட வெட்டிக் கொடுத்து எனக்கு ஒரு டோப்பா கட்டச் சொன்னாள். ஊரில் கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் வைத்து, பின்னி, கண்ணாடியைக் காட்டினாள். ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருத்தி கண்ணாடியில் இருந்தாள். நான் அழுதேன். நன்றாக இருந்தது என்பதற்காகத்தான் அழுதேன்.

பெரியம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "சொல்லிட்டுச் செய்யலாமே, தங்கச்சி."

"சொன்னா எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. "நம்ம கோயில்ல கட்டுன கலியாணத்த யாராலயும் அறுக்க முடியாது. தாலி ஏறிட்டா அப்பறம் தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா?"

அம்மாவுக்குத் தைரியம் கொடுத்தது அந்தச் சட்டம். என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் அதே சட்டம்தான்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் சடையில் கனகாம்பரம் வைத்தார். 'நல்ல முடி' என்று தடவிக்கூடப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கதைப் புத்தகம் எல்லாம் படிப்பீங்களா?" படிப்பேன் என்றேன். "எங்க பக்கம் லைப்ரரி இருக்குதுங்க. நான் எடுத்தாந்து தர்றேன்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதுதான் வில்லங்கம்.

எங்கள் சபை வழக்கம் ஒன்றை மற்ற வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணம் நிச்சயமானதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், இதற்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள், தெரிந்தும் மறைப்பது பாவம்... மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள், பெண் ஊரிலும் வாசிப்பார்கள். விக்கினம் என்றால் முதல் தாரம் உயிரோடு இருப்பது, கிட்டத்து ரத்த உறவு, அந்த மாதிரி. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கு அந்த விவரமெல்லாம் தெரியும்? பெண்ணுக்குத் தலையில் முடி இல்லை என்பதைவிடப் பெரிய விக்கினம் உண்டா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஓலை வாசித்த அன்று கோயிலில் ஒருவரும் இருமக்கூட இல்லை. ஊர் முழுக்க எனக்கு முடி இல்லை என்று தெரியும். ஒருவர்கூடச் சொல்லவில்லை. என்மேல் இருந்த பிரியம்தான், வேறென்ன. ஆனால் சொல்லாவிட்டால் பாவமாயிற்றே? திங்கட்கிழமையிலிருந்து ஊருக்கே மனசு சரியில்லை. கிணற்றடியில் இதே பேச்சு. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற கூட்டத்தை ஈஸ்டருக்கு முன்னால்கூட நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் போய், 'லூர்துக்கு முடி இல்லைங்க சாமி, நான் மறைச்சிட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சாமியாரிடம் சொன்னதாகவும் ஆயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது, அதனால் சொல்லாததாகவும் ஆயிற்று.

"நாங்க சொல்லிட்டோம் மரியம்மா. அது கெணத்துல போட்ட கல்லு. நீ நிம்மதியா கலியாண வேலயப் பாரு" என்று அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டே போனார்கள்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்த வரிசையின் கடைசியில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"சாமி, என் கலியாணத்துக்கு விக்கினம் இருக்குதுங்க" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது. பாவம், காலையிலிருந்து அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"முடி இல்லாதது விக்கினம் இல்லம்மா" என்றார். "ஆனா அந்தப் பையனுக்குத் தெரியாதது... அது உனக்கே தெரியும். நான் சொல்ல முடியாது. சொல்றதுன்னா நீதான் சொல்லணும்."

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தார். குரல் கொஞ்சம் தடுமாறியது போல எனக்குப் பட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கடத்தூர் போஸ்ட் ஆபீசில் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன். 'எனக்குத் தலையில் முடி இல்லை. பதினாலு வயதிலிருந்து இல்லை. நீங்கள் பார்த்தது என் அம்மாவின் முடி. வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று, இனி வராது. கட்டிக்கொண்ட பிறகு தெரிந்து, விட முடியாமல் நீங்கள் என்னோடு இருக்க வேண்டாம். தெரிந்து வந்தால் வாருங்கள்.' கையெழுத்துப் போட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டேன். பிறகு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தினேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? அவர் வருவார் என்று நினைத்தேன். இப்படி எழுதுகிற பெண்ணை யார் விடுவார்கள் என்று நினைத்தேன். கதைப் புத்தகம் அதிகமாகப் படித்தால் இப்படித்தான். புதன்கிழமை, வியாழக்கிழமை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய சித்தப்பா வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. இது சரிப்பட்டு வராதுங்க" என்றார். "சொல்ல வேண்டியவங்க எங்களுக்குச் சொல்லிட்டாங்க."

"யாருங்க சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"அத மட்டும் கேக்காதீங்க. பேரு வெளிய வரக்கூடாதுன்னு பையன் எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

அவ்வளவுதான், போய்விட்டார். ஞானப்பிரகாசம் நல்ல மனிதர். என்னைக் கட்டிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னை அம்மாவிடம் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார் பாருங்கள்... அந்த நல்லெண்ணம்தான் எங்கள் வீட்டில் இடியாக விழுந்தது.

அம்மா கணக்குப் போட ஆரம்பித்தாள். யார் சொல்லியிருப்பார்கள்? ஊர் முழுக்கப் பாவசங்கீர்த்தனத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஊரில் வாழ்கிறவள் யார்? செசிலி. சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று சொன்னவள் யார்? கணக்குச் சரியாக இருந்தது, விடைதான் தப்பு.

அம்மா தெருவைத் தாண்டிப் போனாள். பெரியம்மா வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உம் மவ தலையில முடி இருக்குது. உனக்கு அது போதுமில்ல?" என்றாள் அம்மா.

"நான் சொல்லல, தங்கச்சி. செசிலியும் சொல்லல. மாதா சத்தியமா."

அம்மா குனிந்து தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, பெரியம்மாவின் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒரு சாபம் கிடையாது. மண் பெரியம்மாவின் தலையிலும் உரித்து வைத்த கடலையிலும் விழுந்தது. பெரியம்மா அதைத் தட்டிவிடக்கூட இல்லை. தங்கச்சியைத் தாண்டி, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? அம்மா எனக்காக இரண்டு முறை தலையைக் கொடுத்தவள். அந்த முடியை நானே வேண்டாம் என்று தூக்கிப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. சாமியார் நேராகப் பிரசங்கத்துக்குப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு ஆசையாக என் கையை அவள் பிடித்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணாக இருப்பது சுகமாக இருந்தது, அதுதான் நிஜம்.

அடுத்த வருஷம் கிணற்றடியில் பெரியம்மா தனியாக இருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீதான் சொன்னேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. சரியான காரியந்தான் பண்ண. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி. நீ சொன்னேன்னுகூட சொல்ல வேண்டாம். பெரியம்மா சொல்லலன்னு மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு என்றார் டாக்டர், சரியாகட்டும் என்று விட்டேன். பெரியம்மா மறுபடி கேட்கவே இல்லை. கோயிலில் எதிரே பார்த்தால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வேன். சேராங்கொட்டைப் புண்ணுக்குப் பத்து நாள் விசிறியவள் அவள். எனக்கு நடந்த வைத்தியத்திலேயே வலிக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை குழியில் பெட்டியை இறக்கும் முன்னால் செசிலி அக்கா என்னிடம் வந்தாள். "உங்கம்மாவ ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போவச் சொல்லு லூர்து. ஒரே ஒரு பிடி." நான் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன்.

அம்மா திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள். "நான் போட வேண்டிய மண்ண அன்னிக்கே போட்டுட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டி இன்னும் இறங்கவில்லை, நேரம் இருந்தது. கதவில் கை வைத்தபடி நின்றேன். கோயில் மணி அடித்தது. திரும்பிப் போய், அம்மாவுக்கும் சேர்த்து நானே இரண்டு பிடி மண் போட்டேன்.

நோய் என்னை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் முடியைத்தான் சொல்வேன் என்று நினைப்பார்கள். முடி இல்லாமல் ஒரு மனுஷி இருந்துவிடலாம். பாடம் நடத்தலாம், பஸ் ஏறலாம், பத்தி எழுதலாம். ஆனால் மறைத்து மறைத்து வாழ்கிறவளுக்கு, மறைப்பது ஒரு பழக்கமாகிவிடுகிறது. தலையில் தொடங்கியது தலையோடு நிற்பதில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு வாரமும் இந்தப் பத்தியை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவளுக்குப் பிடிக்காத இடம் வந்தால் தாண்டிவிடுவேன். இந்த இதழ் வியாழக்கிழமை கடத்தூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் வாங்குகிறார்கள், அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, லெட்டர் போட்டது நான்தான், பெரியம்மா இல்லை என்று நானே சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... அதனால்தான் இந்த முறை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.